கொருக்குப்பேட்டை கேட்டில் வந்த நான்கு அச்சு இன்ஜின்

8 பிப்ரவரி 2025, இரவு. வாசகர் ஒருவரின் கேள்வி, அப்படியே:

"அண்ணா, இன்னைக்கு கொருக்குப்பேட்டை கேட்டுல மாட்டிக்கிட்டு நின்னோம். நானும் வீட்டுக்காரியும் பையனும் ஒரே வண்டியில. கூடூர் பக்கத்துல இருந்து ஒரு எக்ஸ்பிரஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்துச்சு. வெள்ளை இன்ஜின், சிவப்புப் பட்டை. பையன் மூணாவது படிக்கிறான். இன்ஜினுக்கு சக்கரம் கம்மியா இருக்குன்றான். இந்தப் பக்கம் நாலுதான் எண்ணினானாம், எப்பவும் ஆறு இருக்குமாம். கரண்ட் இன்ஜின்தான், பின்னாடி பயணிகள் பெட்டிதான், அதுல சந்தேகமே இல்ல. நம்பர் 30-ல ஆரம்பிச்சதாம். அப்படி ஒரு இன்ஜின் இருக்கா, இல்ல பையன் தப்பா எண்ணிட்டானா?"

8 பிப்ரவரி, இரவு 11.10

தப்பாகத்தான் எண்ணியிருப்பான். நீங்கள் சொல்லும் வெள்ளை உடம்பும் சிவப்புப் பட்டையும் வாப்-7 வகை மின்சார இன்ஜின். ராயபுரம் இன்ஜின் ஷெட்டில் நிற்பதும், சென்ட்ரலில் இருந்து கிளம்பும் பாதி வண்டிகளை இழுப்பதும் அதுதான். ஒரு பக்கத்துக்கு ஆறு சக்கரம், முன்னால் மூன்று, பின்னால் மூன்று. வாப்-7 வரிசை 30201-ல் தொடங்குகிறது, ஆகவே 30 என்பதும் ஒத்துப்போகிறது. சக்கரங்களைச் சுற்றி இரும்புச் சட்டம், ஸ்பிரிங், குழாய் எல்லாம் மறைத்துக்கொண்டிருக்கும். ஓடுகிற வண்டியில் எண்ணுவது பெரியவர்களுக்கே கஷ்டம். பையனுக்கு ஆர்வம் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

9 பிப்ரவரி, காலை 6.40

நேற்று அவசரப்பட்டுப் பதில் எழுதிவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது.

பையன் "நான்கு" என்று மட்டும் சொல்லவில்லை. "எப்பவும் ஆறு இருக்கும்" என்றும் சொல்லியிருக்கிறான். அதாவது அவன் வழக்கமாக எண்ணுகிறவன். அதே கேட்டில் நூறு இன்ஜினை ஆறு ஆறாக எண்ணிப் பழகியவன் ஒரு நாள் நான்கு என்றால் காரணம் இருக்கும். அதோடு வண்டி ஊர்ந்து வந்தது என்கிறீர்கள். பேசின் பிரிட்ஜில் வழி கிடைக்காவிட்டால் கொருக்குப்பேட்டைக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எண்ணுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரு பக்கம் நான்கு சக்கரம் என்றால் நான்கு அச்சு. நான்கு அச்சு மின்சார இன்ஜின் என்று யோசித்தால் இரண்டுதான் நினைவுக்கு வருகிறது. ஒன்று மாதேபுராவில் செய்யும் வாக்-12. இரண்டு பாதியாக இருக்கும், பாதிக்கு நான்கு அச்சு, மொத்தம் எட்டு, 12000 குதிரைசக்தி. அது சரக்கு வண்டிக்கானது, நிறமும் வேறு. பையன் பாதியை மட்டும் எண்ணியிருப்பான் என்றால் மீதிப் பாதி பெட்டி மாதிரியா தெரிந்திருக்கும்? தெரியாது.

இன்னொன்று வாப்-5. அதை இந்தப் பக்கம் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதனால்தான் நேற்று அந்தப் பெயரே வாயில் வரவில்லை.

9 பிப்ரவரி, பிற்பகல்

வாப்-5 என்றால் என்ன என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பெயரில் இருக்கும் எழுத்துகளை முதலில் பார்ப்போம். டபிள்யூ என்றால் அகலப் பாதை, ஏ என்றால் ஏசி மின்சாரம், அதாவது மேலே ஓடும் 25000 வோல்ட் கம்பி. பி என்றால் பயணிகள் வண்டி, ஜி என்றால் சரக்கு. கடைசி எண் வகை. இதைச் சேர்த்து வாப், வாக் என்று பேச்சில் சொல்கிறோம்.

1995-ல் ஏபிபி நிறுவனத்திடம் இருந்து 11 வாப்-5 இன்ஜின்கள் இறக்குமதியாகின. மூன்று கட்ட மின்மோட்டார் நம் ரயில்வேக்கு வந்ததே அந்த ஒப்பந்தத்தில்தான். அதே ஒப்பந்தத்தில் வந்த வாக்-9 சரக்கு இன்ஜினுக்குப் பல் சக்கர விகிதத்தை மாற்றி, பயணிகள் வண்டிக்கு ஏற்றபடி சித்தரஞ்சன் தொழிற்சாலை செய்ததுதான் நாம் தினமும் பார்க்கும் வாப்-7. ஆகவே வாப்-7, வாக்-9-இன் தம்பி. வாப்-5 தனி ஜாதி. பின்னால் சித்தரஞ்சனிலேயே வாப்-5 செய்யத் தொடங்கினார்கள். அங்கே செய்த முதல் வாப்-5-க்கு நவோதித் என்று பெயர், முதல் வாப்-7-க்கு நவகிரண்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாப்-7 எடை 123 டன், ஆறு அச்சு. வாப்-5 எடை 78 டன், நான்கு அச்சு. வாப்-5-க்கு மணிக்கு 160 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. 2016 ஏப்ரல் 5-ல் நிஜாமுதீனில் இருந்து ஆக்ராவுக்கு கதிமான் எக்ஸ்பிரஸ் 160-ல் ஓடத் தொடங்கியபோது முன்னால் நின்றது இதுதான். மோட்டாரை அச்சின் மேல் தொங்கவிடாமல் முழுக்கச் சட்டத்தில் தாங்க வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தில் அடி குறைவாக விழும். வேகத்துக்கென்றே செய்த உடம்பு.

அப்படியானால் நம் பக்கம் ஏன் வருவதில்லை? இழுக்கும் பலத்தைப் பாருங்கள். கிளம்பும்போது வாப்-7 தரும் இழுவிசை சுமார் 322 கிலோநியூட்டன், வாப்-5 தருவது சுமார் 258. சென்னையில் இருந்து போகும் நெடுந்தூர வண்டிகளில் 22, 24 பெட்டி சாதாரணம். ஊருக்கு ஊர் நின்று நின்று கிளம்ப வேண்டும். அதற்குத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆறு அச்சுதான் சௌகரியம். டெல்லிப் பக்கம் சதாப்தி மாதிரி குறைந்த பெட்டி, குறைந்த நிறுத்தம், அதிக வேகம் என்றால் வாப்-5. அதனால் காஜியாபாத், வதோதரா ஷெட்களின் பெயரோடு சேர்த்தே இதைப் பேசிப் பழகிவிட்டோம்.

இழுக்கவே இழுக்காது என்று அர்த்தம் இல்லை. கூடூரில் இருந்து சென்னை வரை தரை பலகை மாதிரி. மேடு கிடையாது. 22 பெட்டியை இழுத்துக்கொண்டு வரும், கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

9 பிப்ரவரி, இரவு

அவசரமாக எழுதியதில் நீளத்தை விட்டுவிட்டேன். கண்ணால் அடையாளம் காண அதுதான் முக்கியம். வாப்-7 இருபதரை மீட்டர், வாப்-5 சுமார் 18 மீட்டர். தனியாக நின்றால் தெரியாது. ராயபுரம் வாப்-7 ஏதாவது பக்கத்தில் நின்றால் உடனே தெரியும்.

10 பிப்ரவரி, காலை

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வீட்டில் பேசிப் பார்த்தாராம். இரண்டு புது விஷயம் கிடைத்திருக்கிறது.

ஒன்று, அவர் மனைவி சொன்னது. பெட்டியின் பெயர்ப் பலகையில் தமிழ், ஆங்கிலம் இல்லாமல் இன்னொரு எழுத்து இருந்ததாம். "இந்தி மாதிரியே இருந்துச்சு, ஆனா தலைக்கு மேல கோடு போடல" என்றாராம்.

இரண்டு, பையன் சொன்னது. "இன்ஜினும் பெட்டி மாதிரியே சத்தம் போட்டுச்சு."

இந்த இரண்டாவது வாக்கியத்தைப் படித்துவிட்டு டீ ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன்.

10 பிப்ரவரி, இரவு 9.30

முதலில் எழுத்து. இந்தியைப் போல இருந்து மேல்கோடு இல்லாவிட்டால் அது குஜராத்தி. அந்த அம்மாவின் கண்ணுக்கு ஒரு கும்பிடு. நாங்கள் எல்லாம் இன்ஜினையே பார்த்துக்கொண்டு பெட்டியைக் கோட்டைவிடுகிறவர்கள். ஓடுகிற பலகையில் கோடு இல்லாததைக் கவனிக்க தனிப் பொறுமை வேண்டும்.

குஜராத்தில் இருந்து சென்னைக்கு வரும் வண்டி என்றால் எனக்கு உடனே தோன்றுவது நவஜீவன் எக்ஸ்பிரஸ். அகமதாபாத்தில் கிளம்பி வதோதரா, சூரத், புசாவல், வார்தா, பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா, கூடூர் என்று இறங்கி வருகிறது. கடைசியில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை தாண்டித்தான் சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டும். அதன் வழியிலேயே வதோதரா இருக்கிறது. வதோதரா ஷெட்டில் வாப்-5 இருக்கிறது. முடிச்சு தானாக அவிழ்கிறது.

இன்ஜின் எப்படி ஊர் மாறுகிறது என்று தெரியாதவர்களுக்காக: ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு வீடு, அதாவது ஷெட். ஷெட்டின் சுருக்கெழுத்து இன்ஜின் உடம்பிலேயே எழுதியிருக்கும். எந்த வண்டியை இழுத்துக்கொண்டு போய் எந்த வண்டியோடு திரும்ப வேண்டும் என்பதற்கு லிங்க் என்று ஒரு கணக்கு உண்டு. நடுவில் ஒரு இன்ஜின் பழுதானால், அல்லது வர வேண்டியது தாமதமானால், கையில் இருப்பதை மாட்டி அனுப்புவார்கள். பயணிகள் நிற்கும்போது யாரும் லிங்க்கைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்படி மாட்டிய இன்ஜின் 1500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, அதைத் தெரியாத ஊரில் வந்து நிற்கும்.

ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது. நம் பயணிகள் பெட்டிக்கும் நான்கு அச்சுதான். பையன் இன்ஜினுக்குப் பின்னால் இருந்த முதல் பெட்டியின் சக்கரத்தை எண்ணியிருந்தால்? "பெட்டி மாதிரியே சத்தம்" என்பதற்கு அர்த்தம் அதுவாகவும் இருக்கலாமே. புதன்கிழமை கேட்டுக்குப் போய் நானே நின்று பார்க்கப் போகிறேன்.

12 பிப்ரவரி, இரவு

போனேன். இரண்டரை மணி நேரம் நின்றேன்.

கொருக்குப்பேட்டை கேட்டைத் தெரியாதவர்களுக்கு அந்தக் கூட்டத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கேட் போட்டால் இரண்டு பக்கமும் மீன் கூடை வைத்த டிவிஎஸ், ஷேர் ஆட்டோ, பள்ளிக்கூட வேன், தண்ணீர் கேன் வண்டி என்று அடைத்துக்கொள்ளும். ஒரு கூட்ஸ் போகும், கேட் திறக்கும் என்று எல்லோரும் கிக் அடிப்பார்கள், எதிர்ப்பக்கம் இன்னொன்று வரும், அணைப்பார்கள். என் பக்கத்தில் இருந்த ஆட்டோக்காரர் நான் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "சக்கரம் குறைஞ்சா கேட்டு சீக்கிரம் தொறக்குமாண்ணா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன்.

எண்ணிப் பார்த்தேன். எல்லாம் ஆறு. வாப்-7 நான்கு, வாக்-9 மூன்று, தண்டையார்பேட்டைப் பக்கம் போன டீசல் ஒன்று. நின்று எண்ணினால் எண்ண முடிகிறது. அதுவும் மெதுவாக வந்தால் நன்றாகவே முடிகிறது. முதல் நாள் நான் எழுதியது தவறு.

அப்புறம் டீக்கடை. பெஞ்சில் ஒரு பெரியவர். "இன்னாப்பா, கேட்டு தொறந்தும் போகாம நிக்கிறே?" என்று அவர்தான் ஆரம்பித்தார். சரக்கு வண்டி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். லோகோ பைலட் என்ற புதுப் பெயர் அவர் வாயில் வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பையன் சொன்ன வாக்கியத்தையும் சொன்னேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஆள்காட்டி விரலை மடக்கி மரப் பெஞ்சில் தட்டினார். டக் டக் டக். நிறுத்தினார். டக் டக் டக். "இது நம்ம இன்ஜின்." அப்புறம் டக் டக், நிறுத்தம், டக் டக். "இது பெட்டி. இப்ப கண்ண மூடிக்க." தட்டினார். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு. இன்ஜின் முடிந்து பெட்டி தொடங்கும் இடம் கண்ணை மூடியிருந்தும் துல்லியமாகத் தெரிந்தது. அடுத்து வெறும் இரண்டு இரண்டாகவே தட்டிக்கொண்டு போனார். இன்ஜின் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. "புள்ள இதத்தான் சொல்லுது. அது எண்ணல, கேட்டுருக்கு" என்றார்.

முன்பெல்லாம் 13 மீட்டருக்கு ஒரு இணைப்பு இருக்கும், வண்டி போகிற வழியெல்லாம் இந்தத் தாளம் கேட்கும். இப்போது தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். பாதை பிரியும் பாயிண்ட் இருக்கும் இடத்தில், ஒரு பாதை இன்னொன்றை வெட்டும் இடத்தில் மட்டும்தான் சத்தம் வரும். கொருக்குப்பேட்டை முழுக்க பாயிண்ட். வடசென்னைப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தத் தாளம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

13 பிப்ரவரி

பெரியவர் பெஞ்சில் தட்டியது நேற்று ராத்திரி முழுக்க காதில் இருந்தது. அதனால் இது கொஞ்சம் விலகிப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆயாவுக்குக் கடைசி ஆறு வருஷம் கண் தெரியாது. தண்டையார்பேட்டையில் வீட்டுக்குப் பின்சுவர், அதை ஒட்டி முள்வேலி, அதற்கு அந்தப் பக்கம் தண்டவாளம். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, "கரி வண்டி காலியா போவுது" என்பாள். பாரம் ஏற்றிய வாகனும் காலி வாகனும் வேறு வேறாகச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரிந்தது அவளால்தான். காலி வாகன் டப்பா மாதிரி அதிரும். பாரம் இருந்தால் அடித்தொண்டையில் பேசும், திண்ணை லேசாக நடுங்கும். அவள் இதைத் திறமையாக நினைத்ததே இல்லை. மழை வருது என்று சொல்வது மாதிரி சொல்வாள்.

அப்பா வேறு. ராயபுரத்தில் கிடங்கு வேலை. பீச் ஸ்டேஷன் பக்கம் போகும்போது மீட்டர் கேஜ் இன்ஜின்களைக் காட்டுவார். அது நினைவுக்கு வந்தபோதுதான் இன்னொரு விஷயமும் வந்தது. வாப்-5-ஐப் பற்றி எழுதும்போது, நான்கு அச்சு மின்சார இன்ஜினே நமக்கு அந்நியம் என்பது போல எழுதிவிட்டேன். அது சரியில்லை. பீச்சில் இருந்து தாம்பரம் தாண்டி விழுப்புரம் வரை மீட்டர் கேஜில் ஓடிய யாம்-1 இன்ஜினுக்கும் நான்கு அச்சுதான். 1960-களில் ஜப்பானில் இருந்து வந்தவை. இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியதே நம் பாதையில்தான். பீச் தாம்பரம் பாதைக்கு 1931-லேயே மின்சாரம் வந்துவிட்டது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த முதல் மின்சார இன்ஜின் இரண்டு இரண்டாகத் தட்டிய இன்ஜின். எனக்கு அது மறந்துபோயிருக்கிறது.

14 பிப்ரவரி

பெரம்பூரில் இருந்து ஒருவர் வேறு விளக்கம் தருகிறார். அம்ரித் பாரத் ரயில் இங்கே ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில்தான் தயாராகிறது, அதற்கு முன்னும் பின்னும் மாட்டுவது வாப்-5, அதைத்தான் பையன் பார்த்திருப்பான் என்கிறார்.

நல்ல யோசனை, பாதி உண்மையும்கூட. அம்ரித் பாரத்தில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாப்-5 உண்டு. முன்னால் இருப்பது இழுக்கும், பின்னால் இருப்பது தள்ளும், இரண்டையும் முன்னால் இருப்பவரே ஓட்டுவார். ஒன்று மட்டும் 22 பெட்டியை வேகமாகக் கிளப்பச் சிரமப்படும், இரண்டு சேர்ந்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். 2023 டிசம்பர் 30-ல் முதல் இரண்டு வண்டிகளைத் தொடங்கி வைத்தார்கள், ஒன்று தர்பங்கா முதல் டெல்லி ஆனந்த் விகார் வரை, இன்னொன்று மால்டா டவுன் முதல் பெங்களூர் வரை.

ஆனால் அந்த இன்ஜினுக்கு முகம் சரிந்து கூர்மையாக இருக்கும், நிறம் ஆரஞ்சும் சாம்பலும். நம் ஆள் சொன்னது வெள்ளையும் சிவப்புப் பட்டையும், சாதாரண முகம். பின்னால் தள்ளும் இன்ஜினும் இல்லை, கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பெயர்ப் பலகையில் குஜராத்தி வேறு. ஆகவே இல்லை.

14 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

பெரம்பூர்க்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐசிஎஃப் மதிலுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அதைத்தான் முதலில் நினைப்பார். நான் ராயபுரத்தை நினைத்தது போல.

16 பிப்ரவரி, ஞாயிறு

பார்த்துவிட்டேன். கை இன்னும் நிலைக்கவில்லை, எழுத்தில் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

வந்த இன்ஜின் எப்படியும் வீடு திரும்ப வேண்டும். அதுவும் வடக்கே போகிற பாதையில்தான் போக வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் நிற்பது என்று முடிவு செய்து, கேள்வி கேட்டவருக்கும் சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் ஆகிவிட்டதே, போயிருக்கும் என்று பாதி மனசு. அவர் பையனோடு வந்தார். அந்த அம்மாவும் வந்தார். பையன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான், அவ்வளவுதான். தப்பாக எண்ணியிருப்பான் என்று நான் எழுதியதை அப்பா படித்துக் காட்டியிருக்கிறார். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மாமா" என்றான்.

பேசின் பிரிட்ஜில் நின்றால் வண்டிக்குப் பஞ்சமில்லை. சென்ட்ரலில் இருந்து வருவதெல்லாம் இங்கே பிரிய வேண்டும், வலது பக்கம் கொருக்குப்பேட்டைக்கு, இடது பக்கம் வியாசர்பாடி ஜீவா, பெரம்பூருக்கு. அத்தனை பாயிண்ட். எல்லா வண்டியும் பையப் பையத்தான் போகும். மூன்று மின்சார ரயில், ஒரு காலி ரேக், பெரம்பூர்ப் பக்கம் திரும்பிய ஒரு எக்ஸ்பிரஸ். பையன் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தான்.

அப்புறம் சென்ட்ரல் பக்கத்தில் இருந்து ஒரு வடக்கு எக்ஸ்பிரஸ் வந்தது. முன்னால் ராயபுரம் வாப்-7. அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வெள்ளை. முதலில் நான் பார்த்தது கூரையை. முன் இன்ஜினின் பேன்டோகிராஃப் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின் இன்ஜினின் இரண்டும் மடங்கிப் படுத்திருந்தன. மின்சாரம் எடுக்காமல் வெறுமனே இழுபட்டுப் போகிறது. டெட் என்று சொல்வார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் பராமரிப்புக்கு வீட்டு ஷெட் போய்ச் சேர வேண்டும், அல்லது ஏதோ பழுது, இரண்டில் ஒன்று இருக்கும்.

நீளம் குறைவு. ஒட்டி நின்றதால் பளிச்சென்று தெரிந்தது. பக்கவாட்டில் தூசி படிந்து வெள்ளை காவியாகியிருந்தது. ஒரு இடத்தில் மட்டும் யாரோ உள்ளங்கையால் துடைத்த மாதிரி வட்டம், அதற்குள் ஷெட்டின் எழுத்து: பி, ஆர், சி. வதோதரா. எண்ணில் 30-க்கு அடுத்து இன்னொரு சைபர். வாப்-7 30201-க்கு முன்னால் கிடையாது. அந்தச் சைபர் போதும்.

ஆனால் நான் எண்ணைப் படித்து முடிப்பதற்குள் பையன் சொல்லத் தொடங்கிவிட்டான். எங்கள் காலடிக்கு நேர் எதிரே பாயிண்ட். வாப்-7 அதன் மேல் ஏறியது. "மூணு" என்றான். கொஞ்சம் இடைவெளி. "மூணு." அடுத்தது ஏறியது. "ரெண்டு." இடைவெளி. "ரெண்டு." முதல் பெட்டி. "ரெண்டு. ரெண்டு." கண்ணை மூடியே இருந்தான். அவன் அம்மா பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். "இதுல கோடு இருக்கு" என்றார். இந்தி மட்டும்தான். அகமதாபாத் வண்டி இல்லை, வேறு வண்டியில் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

நானும் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டேன். பெரியவர் பெஞ்சில் தட்டியது அப்படியே கேட்டது. இன்ஜின் எங்கே முடிந்து பெட்டி எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிடிபடவில்லை. பையனுக்குப் பிடிபட்டது. இன்ஜினுக்கு ரெண்டு கொஞ்சம் கனமாக வருதாம். யோசித்தால் நியாயம்தான். 78 டன்னை நான்கால் வகுத்தால் அச்சுக்கு 19.5 டன், பெட்டி அவ்வளவு கிடையாது. ஆயாவின் கரி வண்டிக் கணக்கு.

17 பிப்ரவரி

ஒரு திருத்தம். நேற்று எழுதியதில், பராமரிப்பு அல்லது பழுது என்று இரண்டே காரணம் போல எழுதிவிட்டேன். திரும்புகிற வண்டிக்கு இழுவை அதிகம் தேவை என்றாலும் ஆறு அச்சை முன்னால் மாட்டி இதைப் பின்னால் சேர்த்துவிடுவார்கள். 24 பெட்டிக்கு முன்னால் இதைத் தனியாக நிறுத்த யோசித்திருக்கலாம். டீக்கடைப் பெரியவரிடம் இன்று சொன்னேன். மோட்டார் நாலும் நல்லா இருந்தாலும் தெரியாத இன்ஜினை ஓட்ட அதில் பயிற்சி எடுத்த ஆள் வேண்டுமே, அதைச் சொல்ல மாட்டேன்றியே என்றார். அதுவும் சரி.

பையனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

1 மார்ச்

படம் கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள். நான் எடுக்கவில்லை. பையனின் அப்பாவும் எடுக்கவில்லை. அவர் செல்போனைத் தூக்கியபோது பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "இருப்பா, கேக்குது" என்றான், அவர் இறக்கிவிட்டார்.